அண்ணனின் வண்டி நோட்டு



சென்ற வாரம் நான் போட்ட படத்தில் பூசணிக் கொடிக்குப் பின்னால் ஒரு பழைய பிக்கப் வண்டி தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு, முப்பது வருடத்துக்கு முன் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த மாணவர் ஒருவர், "சார், அது மெட்டடோரா?" என்று கேட்டிருந்தார். பாதி சரி, பாதி தவறு. முழு விடை எழுத உட்கார்ந்தேன், அது இவ்வளவு நீண்டுவிட்டது. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

வண்டி என் பெரியண்ணனுடையது. வண்டியின் பெயர் ஸ்டாண்டர்ட் 20. 1981 மாடல். பூஞ்சேரியில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் நிற்கிறது. அது பிறந்த இடம் இங்கிருந்து நாற்பது நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான், வண்டலூரை ஒட்டிய பெருங்களத்தூர். அன்றைக்கு அது செங்கல்பட்டு மாவட்டம். நடுவில் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் என்று இருந்தது, 1997இல் காஞ்சிபுரம் மாவட்டம் ஆனது, 2019இல் மறுபடியும் செங்கல்பட்டு மாவட்டம். நான் பணியில் இருந்த காலத்தில் எத்தனை தடவை பள்ளி முத்திரையை மாற்றியிருப்போம்!

இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் சென்னை யூனியன் கம்பெனியும் சேர்ந்து 1948இல் தொடங்கிய நிறுவனம் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. முதலில் வான்கார்ட் கார் செய்தார்கள். பிறகு டென், பெனன்ட், 1961இல் ஹெரால்ட், 1972இல் கெஸல். ஹெரால்ட் காரை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க முடியாது. ஊருக்கு ஒரு டாக்டர் வைத்திருப்பார், முன்பக்கம் முழுவதையும் பெட்டி மூடி போலத் தூக்கித் திறக்கலாம். கார்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். மீன் ஏற்றிய வண்டியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

1958இல் இங்கிலாந்தில் அட்லஸ் என்ற சிறிய வேன் ஒன்றை ஸ்டாண்டர்ட் வெளியிட்டது. எஞ்சின் முன்னால் மூக்கில் இருக்காது. ஓட்டுநருக்கும் பக்கத்தில் உட்காருபவருக்கும் நடுவில், ஒரு மூடிக்குக் கீழே இருக்கும். லேலண்ட் அந்தக் கம்பெனியை வாங்கிய பிறகு அதற்கு லேலண்ட் 20 என்று பெயர் மாறியது. 1968இல் அங்கே உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். அச்சுகளும் கருவிகளும் கப்பல் ஏறி சென்னைக்கு வந்தன. இங்கிலாந்துக்காரன் வேண்டாம் என்று வைத்த வண்டி பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் 20 ஆனது. அந்த 20 என்ன என்று அண்ணன் என்னிடம் கேட்டது நினைவிருக்கிறது. இருபது ஹண்ட்ரட்வெயிட். ஒன்று 112 பவுண்டு, இருபது சேர்ந்தால் 2,240 பவுண்டு, அதாவது ஒரு பழைய டன், நம் கணக்கில் 1,016 கிலோ. அண்ணன் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அது காகிதத்துல. குப்பத்துல ஐஸோட ஏத்தினா யாரு எடை போடறாங்க வாத்தியாரே?"

எழுபதுகளின் கடைசியில் கெஸல் கார் நின்றது. அதன்பின் 1985 வரை அந்தத் தொழிற்சாலை கார் எதுவும் செய்யவில்லை. ஸ்டாண்டர்ட் 20தான் சோறு போட்டது. பிக்கப், வேன், மினி பஸ், ஆம்புலன்ஸ் என்று ஒரே உடம்பைப் பல விதமாகச் செய்தார்கள். 1985இல் ரோவர் காரின் உடம்பில் பழைய வான்கார்ட் வழி எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்ட் 2000 என்று விலை உயர்ந்த கார் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதே சமயத்தில் டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிஸ்ஸான், ஸ்வராஜ் மஸ்டா, ஐஷர் மிட்சுபிஷி என்று ஜப்பான் கூட்டு வண்டிகள் சாலைக்கு வந்தன. 1986இல் டாடா 407 வந்தது. கார் போகவில்லை, வேனுக்குப் போட்டி தாங்கவில்லை. 1988இல் உற்பத்தி நின்றது. பூட்டிய கேட்டை வருடக்கணக்கில் ரயிலில் போகும்போது பார்த்திருக்கிறேன். இன்று அங்கே அடுக்குமாடிகள். அங்கு வேலை பார்த்த யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். உள்ளே வண்டி எப்படி உருவானது என்று கேட்க ஆசை.

இப்போது கவனியுங்கள். அண்ணன் இந்த வண்டியை வாங்கியது 1990இல். தொழிற்சாலை மூடி இரண்டு வருடம் கழித்து! "செத்த கம்பெனி வண்டியை எவனாவது வாங்குவானா?" என்று அப்பா திட்டினார். மலிவாகக் கிடைத்தது, வேறு காரணமில்லை. எங்களிடம் இருந்த பணத்துக்கு அதுதான் வரும்.

மாமல்லபுரம் பக்கத்துச் சரக்குப் போக்குவரத்தின் கதையையும் இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். என் தாத்தா காலத்தில் சவுக்கு விறகும் உப்பும் பக்கிங்ஹாம் கால்வாயில் படகில் சென்னைக்குப் போயின. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது படகு குறைந்து மாட்டுவண்டியும் லாரியும் ஆனது. கிழக்குக் கடற்கரைச் சாலை முழுதாக ஒன்று சேர்ந்தது 1998இல்தான். அதற்கு முன் குப்பத்து மணல் பாதையில் லாரி இறங்காது, சைக்கிளில் ஒரு கூடைக்கு மேல் ஏற்ற முடியாது. நடுவில் இருந்த அந்த ஒரு டன் இடைவெளியில்தான் அண்ணனின் வண்டி ஓடியது. விடியற்காலை மீன், பகலில் சவுக்கு, சில நாள் சிற்பக் கூடத்திலிருந்து வைக்கோல் சுற்றிய சாமி சிலை. பிள்ளையார் ஏறினால் மீன் வாடை போகக் கழுவி, சூடம் காட்டித்தான் ஏற்றுவார்கள்.

மாணவரின் கேள்விக்கு வருகிறேன். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியதில், நம் ஊரில் அம்பாசடர், ஜீப் எல்லாவற்றிலும் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு மெட்டடோர் வேனின் டீசல் எஞ்சினை வைப்பது பெரிய தொழிலாகவே நடந்தது. எங்கள் வண்டியின் முந்தைய உரிமையாளரும் அதைச் செய்து, ஆர்.சி. புத்தகத்திலும் முறையாக ஏற்றி வைத்திருந்தார். ஆக, உடம்பு பெருங்களத்தூர், இதயம் மெட்டடோர். அதனால்தான் பாதி சரி என்றேன்.

இந்த இரட்டைப் பிறவியால் வந்த முதல் பாடம் ஸ்பேனர். உடம்பு ஆங்கிலேயர் வரைந்தது, நட்டு போல்ட்டு எல்லாம் அங்குலம். எஞ்சின் ஜெர்மன் வழி வந்தது, எல்லாம் மில்லிமீட்டர். நம் நாடு 1957 ஏப்ரலில் நயா பைசாவுக்கு மாறியது, அறுபதுகளில் படிப்படியாக மீட்டர், கிலோவுக்கு மாறியது. அந்த மாற்றத்தை நான் பாடமாக நடத்தியிருக்கிறேன். அண்ணன் அதைக் கை முட்டியில் படித்தார். அரை அங்குலம் என்றால் 12.7 மி.மீ. அதில் 13 ஸ்பேனர் போட்டால் உட்கார்ந்தது போலத் தெரியும். இறுக்கமான நட்டில் பலமாக இழுத்தால் வழுக்கி நட்டின் முனை மழுங்கிவிடும், முட்டித்தோல் சேசிஸில் உரியும். ஒன்பது பதினாறு என்பது 14.29. 14 நுழையாது, 15 நிற்காது. முக்கால் அங்குலம் மட்டும் 19.05, அங்கே 19 ஸ்பேனர் தைரியமாகப் போடலாம். இதை ஒரு அட்டவணையாக எழுதிக் கொடு என்று அண்ணன் கேட்டார். அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். நான் ஒரு நாற்பது பக்க நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அதுதான் வண்டி நோட்டின் தொடக்கம். இன்று ஏழு நோட்டு சேர்ந்திருக்கிறது. அவர் சொல்வார், நான் எழுதுவேன். எல்லாப் பக்கத்திலும் கட்டைவிரல் கிரீஸ்.

கம்பெனி செத்த வண்டிக்கு உதிரிபாகம் எங்கே கிடைத்தது என்ற கேள்விக்கு விடை அந்த நோட்டுகளில்தான் இருக்கிறது. 1991இல் ஒரு குறிப்பு: "பின் சக்கரம் வலது, பிரேக் ஆயில் கசிவு. வீல் சிலிண்டர் ரப்பர் கப் மாற்றியது. ரப்பரில் உள்ள அளவு பார்த்து வாங்கவும், வண்டிப் பெயர் சொல்ல வேண்டாம்." இந்தக் கடைசி வரியில்தான் எல்லாம் இருக்கிறது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் முதல் தடவை போய் "ஸ்டாண்டர்ட் 20க்கு வீல் சிலிண்டர் கிட்" என்று கேட்டால் கடைக்காரர் கையை விரித்தார். அண்ணன் பழைய ரப்பர் கப்பைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தார். அதில் அளவு அச்சாகியிருந்தது. அளவைச் சொன்னதும் அதே கடைக்காரர் எடுத்து நீட்டினார், வேறு ஏதோ வண்டியின் டப்பாவிலிருந்து.

காரணம் எளிது. ஒரு தொழிற்சாலை எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. பிரேக் பாடி பிரேக்ஸ் இந்தியாவிலிருந்து, மின்சாரச் சாமான் லூகாஸ் டி.வி.எஸ்.ஸிலிருந்து, பிஸ்டன் செம்பியம் இந்தியா பிஸ்டன்ஸிலிருந்து, சக்கரம் வீல்ஸ் இந்தியாவிலிருந்து என்று ஐம்பது அறுபதுகளில் சென்னையைச் சுற்றி எழுந்த கம்பெனிகள் பல வண்டிக் கம்பெனிகளுக்குச் சேர்த்துச் செய்தன. பேரிங் என்றால் உலகம் முழுவதும் ஒரே எண் வரிசை, விளிம்பில் பொறித்திருக்கும். வண்டியின் பெயர் போனாலும் உறுப்புகளின் எண் போகவில்லை. அண்ணன் எதைக் கழற்றினாலும் முதலில் மண்ணெண்ணெயில் கழுவி எண்ணைத் தேடுவார், நான் எழுதுவேன். எண் இல்லாதவற்றுக்குப் புதுப்பேட்டை. அதுவும் இல்லை என்றால் செங்கல்பட்டு லேத் பட்டறை. ஸ்பிரிங் பட்டை உடைந்தால் மாமல்லபுரத்தில் சிற்பிகளுக்கு உளி அடித்துக் கூர் போடும் கொல்லரிடம் போவோம். புதுப் பட்டையைக் காய்ச்சி வளைவு கொடுத்துத் தருவார். உடைந்த பட்டையைக் கூலியில் கழித்துக்கொள்வார், அது அரிவாளாகிவிடும்.

(ஓர் எச்சரிக்கை. வண்டிக்குக் கீழே படுக்கும் முன் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். கல்லுக்குப் பஞ்சமே இல்லாத ஊர் எங்களுடையது. ஆனாலும் அண்ணன் ஒரு நாளும் அச்சுக்குக் கீழே கல் வைத்ததில்லை. கல் வழுக்கும், திடீரென்று விரியும். அகலமான மரக்கட்டைதான் வைப்பார், மரம் கடித்துக்கொண்டு நிற்கும் என்பார்.)

கடற்கரையில் வண்டி வைத்திருப்பவனின் உண்மையான எதிரி பழுதல்ல, துரு. இரும்பு துருப்பிடிக்க ஈரமும் காற்றும் போதும். உப்பு சேர்ந்தால் அந்த ஈரத்தில் மின்னோட்டம் எளிதாகப் பாயும், துருவும் வேகமெடுக்கும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் மழை பெய்யாத நாளிலும் துரு பிடிக்கும். மீன் வண்டிக்கு இன்னொரு தொல்லை, ஐஸ் உருகிய தண்ணீர். அது பலகை இடுக்கில் வடிந்து நேராகச் சேசிஸில் சொட்டும். அண்ணனின் மருந்து மூன்று. தினமும் நல்ல தண்ணீரில் அடிப்பகுதியைக் கழுவுவது. வடிகால் ஓட்டைகளைக் குச்சியால் குத்தி மண் எடுப்பது. மழைக்கு முன்னும் பின்னும் கழிவு ஆயிலை பிரஷ்ஷால் சேசிஸ் முழுக்கப் பூசுவது. பிரேக் டிரம் பக்கம் மட்டும் பிரஷ் போகாது. கழிவு ஆயில் மண்ணுக்கு நல்லதல்ல என்று இப்போது நாம் சொல்கிறோம், சரிதான். அன்று அதைவிட மலிவாக வேறு எதுவும் இல்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அண்ணன் டீ குடிக்க ரோட்டுப் பக்கம் வந்திருந்தார். அதனால் பிழைத்தார். அவருக்குத் தெரிந்த சிலர் பிழைக்கவில்லை. அதைப் பற்றி அவர் இன்றுவரை அதிகம் பேசியதில்லை. வண்டி ஒரு சவுக்குத் தோப்பு ஓரமாகச் சாய்ந்து கிடந்தது, இருக்கை வரை மணல். மூன்று நாள் அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான்காம் நாள் டிராக்டர் வைத்து இழுத்து வந்தோம்.

நோட்டில் அந்தப் பக்கங்கள்தான் நீளமானவை. சாவி போடவே கூடாது, முதலில் பேட்டரியைக் கழற்று. எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் அது காற்றைப் போல அமுங்காது. சுற்றினால் பிஸ்டன் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆயில் பிளக்கைத் திறந்தபோது முதலில் கடல் தண்ணீர் தெளிவாக வந்தது, அது ஆயிலைவிடக் கனமல்லவா, அடியில் தங்கியிருந்தது. பிறகு மோர் போல வெளுத்த ஆயில் வந்தது. கியர் பெட்டியிலும் கிரௌனிலும் அதே கதை. இன்ஜெக்டர்கள் நான்கையும் கழற்றிவிட்டு, ஃபேன் பக்கத்திலிருந்து கையாலேயே எஞ்சினைச் சுற்றினோம். துளைகளிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. டீசல் டேங்கை இறக்கிக் கழுவினோம். நான்கு சக்கரத்தையும் பிரித்து, பேரிங்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, புது கிரீஸ். செல்ஃப் மோட்டாரையும் டைனமோவையும் பிரித்து வெயிலில் காயவைத்தோம், அம்மா வடகம் காயவைக்கும் பாயில். மலிவு ஆயில் ஊற்றி மாற்றி, மறுபடி ஊற்றி மாற்றி, டீசல் பம்பில் காற்று எடுத்து, 2005 ஜனவரி 14, பொங்கல் அன்று, பதினோராவது தடவை சுற்றியபோது புகை கக்கிக்கொண்டு பிடித்தது. அண்ணன் எஞ்சின் மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். மறுநாளிலிருந்து குப்பத்துக் குழந்தைகளுக்குப் பால் பவுடரும் தண்ணீர் கேனும் ஏற்றிப்போனார். ஒரு மாதம் வாடகை வாங்கவில்லை.

இப்படி ஓட்டியவர் எங்கள் அண்ணன் ஒருவர் மட்டுமல்ல. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பங்கீடு வந்தபோது நம் பக்கத்து பஸ்களுக்குப் பின்னால் கரியடுப்புப் பீப்பாய் மாட்டி, கரி வாயுவில் ஓட்டினார்கள் என்று தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் பழைய ஆஸ்டின், மோரிஸ் கார்களை ஒரு சொட்டுப் பெட்ரோலில் பற்றவைத்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புது வண்டி வாங்க வழி இல்லாத இடத்தில்தான் இந்த அறிவு வளர்ந்தது. இன்று நம் மாவட்டத்துக்கு ஆசியாவின் டெட்ராய்ட் என்று பட்டம். மறைமலை நகரில் ஃபோர்டு தொண்ணூறுகளில் வந்தது, 2022இல் உற்பத்தியை நிறுத்தியது. அது மூடியபோது எத்தனை கோடி முதலீடு, எத்தனை கார் ஏற்றுமதி என்று செய்தித்தாளில் படித்தோம். விற்ற வண்டிகளை இனி யார், எதை வைத்து ஓட வைப்பார்கள் என்று அண்ணன் மட்டும்தான் என்னிடம் கேட்டார். இன்றைய வண்டிக்குக் கம்ப்யூட்டர் மாட்டினால்தான் நோய் தெரிகிறது. ரப்பர் கப்பில் எண் பார்ப்பது போல அதைப் பார்க்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

2021இல் பழைய வாகனக் கழிப்புக் கொள்கை வந்தது. 2022 ஏப்ரல் முதல் பதினைந்து வருடம் தாண்டிய வண்டிகளுக்குக் கட்டணங்கள் பல மடங்கு ஏறின. காருக்குப் பதிவு புதுப்பிக்க 600 ரூபாய் இருந்தது 5,000 ஆனது. புகை விஷயத்தில் அரசு சொல்வதை நான் மறுக்க மாட்டேன், அந்த எஞ்சின் விடும் புகையை நானே முகர்ந்திருக்கிறேன். அண்ணன் மகன், "பெரிய சாமான் எல்லாம் எடைக்குப் போட்டுடலாம் சித்தப்பா, நீங்க சொன்னா அப்பா கேப்பாரு" என்று என்னிடம் தூது விட்டிருக்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது. அண்ணனுக்கு எழுபத்திரண்டு முடிந்துவிட்டது, வண்டிக்குக் கீழே படுத்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும்.

அடுத்த மாதம் எஃப்.சி. அதற்காகப் போன ஞாயிறு கட்டை வைத்து வண்டியை ஏற்றினோம். அண்ணன் படுத்துக்கொண்டு சின்னச் சுத்தியலால் சேசிஸை அடி அடியாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு கணீர் என்று பேசும். இடது பக்கம் பின்னால் போனபோது சத்தம் மாறியது, ஈர மண்ணைத் தட்டியது போல. சுத்தியலை வைத்துவிட்டுத் திருப்புளியை எடுத்து மெல்ல அழுத்தினார். அது உள்ளே போனது.

வெளியே கேட்கும்படி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நோட்டு இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"எழுது. இடது பக்கம், பின் ஸ்பிரிங் பிராக்கெட்டுக்கு முன்னால, ஒரு சாண் நீளம்."

எழுதினேன்.

"தேதி போட்டியா வாத்தியாரே?"